சம்பளமில்லாத பயிற்சியாளர்: ஜே.ஆர்.டி. டாட்டா

பட்டம் வாங்கிய பிறகு என்ன செய்வது என்ற கேள்வி இறுதியாண்டு மாணவர் எவரையும் தூங்க விடுவதில்லை. பல்கலைக்கழகத்தில் நடக்கும் வேலைவாய்ப்புக் கண்காட்சிக்குப் போனால், ஒவ்வொரு நிறுவனமும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறது. எங்களிடம் வாருங்கள், பயிற்சி தருகிறோம், உங்களை வளர்த்து விடுகிறோம் என்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சற்று நின்று யோசித்தால் சில கேள்விகள் எழுகின்றன. ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கு ஏன் கற்பிக்க வேண்டும்? அது தருமமா, முதலீடா? கற்றுக்கொண்டவர் நாளை வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் நட்டம் யாருக்கு?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியபோது ஒரு மனிதரின் வாழ்க்கைதான் எனக்குக் கிடைத்தது. ஜே.ஆர்.டி. டாட்டா என்றதும் விமானம், இரும்பு, லாரி ஆகியவைதாம் நம் நினைவுக்கு வரும். அவர் பல்கலைக்கழகப் படியை மிதிக்க முடியாமல் போனவர் என்பதும், தொழில் கற்றுக்கொள்ளச் சம்பளமில்லாமல் உட்கார்ந்தவர் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் தலைமை தாங்கிய குழுமம்தான் சிங்கப்பூரில் அரசும் நிறுவனமும் கைகோத்து நடத்திய முதல் பயிற்சி மையத்துக்குத் துணை நின்றது என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

கைநழுவிய பல்கலைக்கழகம்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904 ஜூலை 29-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆர்.டி. டாட்டா பம்பாய்ப் பார்சி. தாய் சூசான் பிரெஞ்சுப் பெண்மணி. டாட்டா தொழில்களுக்கு அடித்தளமிட்ட ஜம்ஷெட்ஜி டாட்டா, இந்தக் குழந்தை பிறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஜெர்மனியில் காலமாகியிருந்தார். ஆர்.டி. அவருடைய உறவினர், தொழில் கூட்டாளி.

சிறுவன் ஜஹாங்கீரின் பள்ளிப் படிப்பு ஓர் ஊரில் நிலைக்கவில்லை. பாரிஸ், பம்பாய், ஜப்பானின் யோக்கோஹாமா என்று குடும்பம் மாறிக்கொண்டே இருந்தது. பிரான்சின் கடற்கரை ஊரான ஹார்டலோவில் விடுமுறையைக் கழித்தபோது, 1909-இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவின் குடும்பம் பக்கத்தில் இருந்தது. விமான ஆசை அங்கே முளைவிட்டது. 1923-இல் தாய் மறைந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வேண்டும் என்பது மகனின் கனவு. அதற்காக இங்கிலாந்தில் ஆயத்தப் படிப்பும் படித்தார். இடையில் பிரெஞ்சுக் குடிமகன் என்ற முறையில் ஓராண்டு இராணுவ சேவைக்குப் போக நேர்ந்தது. தேசிய சேவை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வரும் நம் ஊர் இளையர்களுக்கு அந்த மனநிலை நன்றாகப் புரியும்.

ஆனால் சேவை முடிந்தபோது கேம்பிரிட்ஜ் கதவு திறக்கவில்லை. தொழில் மகனை எதிர்பார்க்கிறது, உடனே புறப்பட்டு வா என்று தந்தை அழைத்துவிட்டார். 1925 டிசம்பரில் பம்பாயில் வந்து சேர்ந்தார் ஜே.ஆர்.டி. அந்த ஏமாற்றம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

மேசைக்கு வந்த காகிதங்கள்

டாட்டா நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, சம்பளமில்லாத பயிற்சியாளர் வேலை. இரும்பு ஆலையின் பொறுப்பை வகித்த ஜான் பீட்டர்சன் என்ற முன்னாள் ஐ.சி.எஸ். அதிகாரியின் அறையில் ஒரு மேசை போடப்பட்டது. பீட்டர்சனுக்கு வரும் காகிதமும் அவரிடமிருந்து போகும் காகிதமும் அந்த மேசையைக் கடந்துதான் போக வேண்டும் என்பது தந்தையின் ஏற்பாடு. ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, ஒரு கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதப்படுகிறது என்பதை இளைஞர் நாள்தோறும் பார்த்தார். பின்பு ஜம்ஷெட்பூர் இரும்பு ஆலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே துறை துறையாகச் சுற்றி வேலையைக் கண்ணால் கண்டார். இரவில் வீட்டிலும் புத்தகங்களை வைத்துக்கொண்டு தாமாகவே தொழில் பாடங்களைப் படித்தார்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. சிராங்கூன் சாலையின் பழைய வணிகர்களின் கதையும் இதுதான். 1905-இல் மாயவரம் பகுதியிலிருந்து சிங்கப்பூர் வந்த பி. கோவிந்தசாமி பிள்ளை, ஒரு மளிகைக் கடையில் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் மட்டும் உழைத்துத் தொழில் கற்றவர். பிற்காலத்தில் அவருடைய பி.ஜி.பி. கடைகளைத் தெரியாத தமிழர் இங்கே இல்லை. தேக்கா வட்டாரத்துக் கடைகளில் பொட்டலம் கட்டக் கற்றுக் கணக்கெழுதத் தேறியவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் இரண்டு கதைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. சம்பளமில்லாமல் கற்பது, முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பருவம். கப்பலேறி வந்த ஏழைப் பிள்ளைக்கோ அது வயிற்றுப்பாடு. கடையில் கற்ற எல்லாரும் கோவிந்தசாமி பிள்ளை ஆகவில்லை. பலர் கடைசி வரை கடைச் சிப்பந்திகளாகவே இருந்து ஊர் திரும்பினார்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் சோறு போடுவது யார் என்ற கேள்வி அன்றே இருந்தது.

1926-இல் தந்தை ஆர்.டி. பாரிசில் திடீரென்று காலமானார். மகனுக்கு வயது 22. தந்தையின் இடத்தில் டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் இயக்குநராக அமர்ந்தார். கிட்டத்தட்ட நம் வயது! நாம் இறுதியாண்டு ஆய்வேட்டை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும் வயதில், அவர் தம்பி தங்கையரையும் பெருந்தொழில் ஒன்றின் பொறுப்பையும் சேர்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

ஜம்ஷெட்பூர் சொன்ன பாடம்

ஜே.ஆர்.டி. பார்த்த ஜம்ஷெட்பூரில் நிறுவனமே பள்ளி நடத்தும் பழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. ஜம்ஷெட்ஜி 1892-இலேயே இந்திய மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பெற ஒரு நிதியை ஏற்படுத்தியவர். அவர் கனவு கண்ட இந்திய அறிவியல் கழகம், அவர் மறைந்த பிறகு 1909-இல் பெங்களூரில் உருவானது. இரும்பு ஆலை 1912-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, உலைகளின் நுட்பம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர், ஆங்கிலேயர், ஜெர்மானியர். அவர்களுக்குச் சம்பளமும் அதிகம். எத்தனை நாளைக்குத்தான் அயலாரை நம்பி உலையை எரிப்பது? 1921-இல் ஜம்ஷெட்பூரிலேயே ஒரு தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. அங்கே பயின்ற இந்திய இளைஞர்கள் படிப்படியாக வெளிநாட்டு நிபுணர்களின் இடங்களை நிரப்பினார்கள். ஆக, ஊழியருக்குக் கற்பிப்பது அங்கே தரும காரியமாக மட்டும் தொடங்கவில்லை, ஆலை பிழைப்பதற்கான வழியாகவும் இருந்தது.

அதே வேளை, பள்ளி நடத்தினால் மட்டும் தொழிலாளர் மனம் குளிர்ந்துவிடாது என்பதையும் அதே ஊர் காட்டியது. 1920-களில் ஜம்ஷெட்பூரில் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. 1928-இல் நடந்த போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. சுபாஷ் சந்திர போஸ் தொழிலாளர்களுக்காகத் தலையிட வேண்டியிருந்தது. இளம் இயக்குநராக இருந்த ஜே.ஆர்.டி. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வானமும் நாற்காலியும்

1929-இல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் அவருக்குக் கிடைத்தது. 1932 அக்டோபர் 15-ஆம் நாள், ஒரு சிறிய விமானத்தில் கடிதப் பைகளை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டு சென்றார். அந்தச் சிறு சேவைதான் பின்னர் ஏர் இந்தியா ஆனது. 1953-இல் அரசு அதை நாட்டுடைமையாக்கிய பிறகும் 1978 வரை அவரே தலைவராக இருந்தார். 2022-இல் அந்நிறுவனம் மீண்டும் டாட்டாவின் கைக்கு வந்தது தனிக்கதை.

1938-இல், 34 வயதை எட்டும் வேளையில், ஜே.ஆர்.டி. டாட்டா குழுமத்தின் தலைவரானார். பட்டம் பெற்ற பெரியவர்கள் பலர் சுற்றியிருக்க, பட்டமில்லாதவர் தலைமை நாற்காலியில் அமர்ந்தார். 1991 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

தாம் கற்ற விதத்தை அவர் மறக்கவில்லை என்பதற்கு அவர் செய்தவையே சான்று. 1943-இல் இரும்பு ஆலையின் இயக்குநர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் இருந்தால் அவற்றைப் பராமரிக்கத் தனித்துறை வைத்திருப்போம். ஆயிரக்கணக்கான மனிதர்களைக் கவனிக்க ஏன் ஒரு துறை இல்லை என்பதே அதன் சாரம். சில ஆண்டுகளில் பணியாளர் துறை உருவாயிற்று. இன்று நாம் மனிதவளத்துறை என்று சொல்லும் ஏற்பாடு, இந்திய ஆலைகளில் அரிதாக இருந்த காலம் அது. 1956-இல் தொழிலாளர் சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம், ஆலை விவகாரங்களில் தொழிலாளர்களும் கலந்து பேச வழி செய்தது.

அதே 1956-இல் டாட்டா நிர்வாகச் சேவை தொடங்கப்பட்டது. இளம் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, குழுமத்தின் வெவ்வேறு நிறுவனங்களில் மாறி மாறி வேலை செய்ய வைத்து, நாளைய தலைவர்களாக வளர்ப்பது அதன் நோக்கம். ஜே.ஆர்.டி. இளமையில் துறை துறையாகச் சுற்றிக் கற்ற முறைதான் இது. ஆனால் ஒரு முக்கியமான மாற்றம் இருந்தது. இம்முறை கற்றவர்கள் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் அல்லர், சம்பளமில்லாமலும் கற்கவில்லை. 1966-இல் புனே நகரில் நிர்வாகிகளுக்கென்று ஒரு பயிற்சி மையமும் திறக்கப்பட்டது. வேலையில் இருப்பவர்களே மீண்டும் மாணவர்களாக வந்து உட்காரும் இடம் அது.

லாரி தயாரித்த டெல்கோ நிறுவனத்தின் பங்கும் பெரிது. 1945-இல் தொடங்கிய இந்நிறுவனத்தைச் சுமந்த் மூல்காவ்கர் வளர்த்தெடுத்தார். ஜம்ஷெட்பூரிலும் பின்னர் புனேயிலும் இளையர்களை அப்ரெண்டிஸ்களாகச் சேர்த்து, அளவெடுக்கவும் கடையவும் அச்சு செய்யவும் நிதானமாகக் கற்பித்த பயிற்சிப் பிரிவுகள் அதன் முதுகெலும்பு. நல்ல கருவி செய்யத் தெரிந்த கைகள் இல்லாமல் நல்ல லாரி வராது என்பது அவர்களின் கணக்கு.

கதவுக்கு வெளியே நின்றவர்

கற்பிக்கும் நிறுவனம் என்று பெயர் எடுத்தாலும் எல்லார்க்கும் கதவு திறந்திருந்ததா? 1974-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சுதா என்ற மாணவி, டெல்கோவின் வேலை விளம்பரம் ஒன்றைப் பார்த்தார். பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதில் கண்டிருந்தது. கோபம் கொண்ட அவர், ஜே.ஆர்.டி.க்கே ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டார். சில நாட்களில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. புனேக்குப் போனார், தேறினார், டெல்கோவின் முதல் பெண் பொறியாளராகச் சேர்ந்தார். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற சுதா மூர்த்திதான் அவர்.

இதைப் பெரிய மனிதரின் பெருந்தன்மையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. நாடே பாராட்டிய நிறுவனத்தின் வாசலிலும் ஒரு பாதிப் பேருக்கு இடமில்லை என்ற பலகை தொங்கிற்று. ஒரு மாணவி கேட்டதால்தான் அது அசைந்தது. பயிற்சி யாருக்கு என்று முடிவு செய்வது, பயிற்சி தருவதைப் போலவே முக்கியமானது.

சிங்கப்பூருக்கு வந்த பட்டறை

இனி நம் ஊருக்கு வருவோம். பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டு விலகும் என்று 1968-இல் அறிவிக்கப்பட்டது. படைத்தளங்களை நம்பி வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு ஆட்டம் கண்டது. தொழிற்சாலைகளை வரவழைக்கப் பொருளியல் வளர்ச்சிக் கழகம் உலகெங்கும் அலைந்தது. வர விரும்பிய நிறுவனங்களுக்கோ நுட்பமான கருவி செய்யத் தெரிந்த ஊழியர்கள் தேவை. அப்படிப்பட்டவர்கள் இங்கே சிலரே இருந்தனர்.

அந்த இக்கட்டில் பிறந்த ஏற்பாடுதான் 1972-இல் அமைந்த டாட்டா-அரசாங்கப் பயிற்சி மையம். ஜே.ஆர்.டி. அப்போது குழுமத்தின் தலைவர். இடமும் கட்டடமும் செலவில் பெரும்பங்கும் அரசாங்கத்துடையவை. பயிற்றுநர்களும் பயிற்று முறையும் பட்டறை அனுபவமும் டாட்டாவுடையவை. டாட்டாவின் தேவைக்கு மேலாகவே இளையர்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் மற்றத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். கற்றவர் ஓடிவிட்டால் என்ன செய்வது என்ற முதலாளிகளின் பழைய பயத்துக்கு இது நல்ல விடை. ஓடினாலும் நாட்டுக்குள்தானே ஓடுவார்! செலவை நாடும் பகிர்ந்துகொண்டதால் எவருக்கும் நட்டமில்லை.

இதே வழியில் 1973-இல் ஜெர்மனியின் ரோலை நிறுவனத்துடனும், 1975-இல் ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துடனும் மையங்கள் அமைந்தன. ரோலை கேமரா நிறுவனம் 1981-இல் நொடித்துப் போய் இங்கிருந்த ஆலையும் மூடப்பட்டது. ஆனால் அங்கே கற்றவர்களின் கைத்திறன் மூடப்படவில்லை. அவர்கள் வேறு ஆலைகளுக்கு அதை எடுத்துச் சென்றார்கள். நிறுவனம் செத்தாலும் அது கற்பித்தது சாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பொருளியல் வளர்ச்சிக் கழகம் நடத்திய பயிற்சிக் கழகங்கள் 1990-களில் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியுடன் இணைந்தன. அங்கே இன்று படிக்கும் பொறியியல் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்த வேர் தெரியும்?

1979-இல் சிங்கப்பூர் இன்னோர் அடி எடுத்து வைத்தது. ஊழியர் பயிற்சிக்கென்று முதலாளிகளிடம் தீர்வை வசூலிக்கும் சட்டம் வந்தது. இன்றும் ஒவ்வோர் ஊழியருக்கும் மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காட்டை, குறைந்தது 2 வெள்ளியிலிருந்து அதிகபட்சம் 11 வெள்ளி 25 காசு வரை, முதலாளி செலுத்துகிறார். 2015-இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் தொடங்கியது. 25 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்கு 500 வெள்ளி பற்றுநிதி கிடைத்தது. 2024-இல் 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. பெரிய மனிதர் ஒருவரின் நல்லெண்ணத்தை நம்பியிருந்த காரியம், எல்லாருக்குமான ஏற்பாடாக மாறியது.

யார் கொடுக்கிறார் விலை?

ஜே.ஆர்.டி.க்கு 1992-இல் இந்தியாவின் மிக உயரிய பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1993 நவம்பர் 29-ஆம் நாள் ஜெனீவாவில் அவர் காலமானார். பிறந்த பாரிஸ் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஜம்ஷெட்பூரும் புனேயும் வளர்த்த கைகள் அவர் விட்டுச் சென்ற சொத்து.

நண்பர்களே, அவர் வாழ்க்கையைப் படித்து முடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவை ஒரு முறை சுற்றி வாருங்கள். சையது ஆல்வி சாலையிலும் திறந்தவெளிகளிலும் கூடியிருக்கும் தமிழ்நாட்டு, பங்களாதேஷ் ஊழியர்களைப் பாருங்கள். நம் வீடுகளையும் ரயில் தடங்களையும் கட்டுபவர்கள் அவர்கள். அவர்களில் பலர் சிங்கப்பூருக்கு வருமுன், ஊரில் உள்ள பயிற்சி நிலையத்தில் கம்பி கட்டவும் பற்றவைக்கவும் தங்கள் சொந்தப் பணத்தில் கற்று, திறன் தேர்வில் தேறி வந்தவர்கள். சிலர் நிலத்தை அடகு வைத்தும் கடன் வாங்கியும் அந்தப் பணத்தைக் கட்டியவர்கள். 1972-இல் பட்டறைக்குப் போன இளையனின் பயிற்சிச் செலவை நிறுவனமும் அரசும் ஏற்றன. இவர்களின் பயிற்சிச் செலவை இவர்களின் குடும்பமே ஏற்கிறது. பயன் மட்டும் நிறுவனத்துக்குப் போகிறது.

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசியப் பள்ளிக்குப் போய் இங்கே வந்து சேர்ந்தவன் நான். எனக்குக் கற்பிக்க யார் யாரோ செலவு செய்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. நாளை நம்மில் சிலர் நிறுவனங்களில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் உட்காரப் போகிறோம். சிலர் சொந்தத் தொழில் தொடங்கப் போகிறோம். அப்போது பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தைச் செலவுக் கணக்கில் வெட்டுவதற்கு முன், பீட்டர்சன் அறையில் போடப்பட்ட அந்த மேசையை நினைத்துக்கொள்வோம். முதலாளியின் மகனுக்குக் கிடைத்த மேசை, கம்பி கட்டுபவரின் மகனுக்கும் கிடைக்க வேண்டும். கற்கும் காலத்தில் அவருக்குச் சம்பளமும் வேண்டும்.

வேலைவாய்ப்புக் கண்காட்சியில் பயிற்சி தருகிறோம் என்று எவராவது சொன்னால், துணிந்து ஒரு கேள்வி கேளுங்கள்: யாருக்கெல்லாம் தருகிறீர்கள்? 1974-இல் ஓர் அஞ்சலட்டை கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான்.